சொல்லாமல் கட்டிக் கொடுத்த வாட்ச்

முப்பத்தெட்டு வருஷம் ஊராருக்கெல்லாம் வாட்ச் ரிப்பேர் பார்த்தேன், விற்றேன். என் கையில் கடைசி வரை கிடந்தது ஒரு சாதாரண வாட்ச்தான். 2012-ல் ஓய்வு பெற்ற அன்று, சிதம்பரம் கடையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் மூன்று வாட்ச் வைத்த ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். “அண்ணே, நாங்க எல்லாரும் சேர்ந்து குடுக்கறது. முதலாளியும் சேந்துக்கிட்டாரு. உங்க முதல் சுவிஸ் வாட்ச். எது வேணுமோ நீங்களே எடுங்க” என்றார்கள்.

நான் ஆட்டோமேட்டிக்கைத்தான் தொடுவேன் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் செல் போட்ட ஒன்றை எடுத்தேன். வெள்ளை டயல், ஸ்டீல் பட்டை, தேதி உண்டு, வேறு ஜம்பம் எதுவும் கிடையாது. “என்னண்ணே இது! செல் வாட்செல்லாம் பொம்மை, ஆட்டோமேட்டிக்தான் உசுரு உள்ளதுன்னு எங்களுக்கு அத்தனை கிளாஸ் எடுத்தீங்களே?” என்று கடைப் பையன் ரமேஷ் கேட்டான். “வீட்ல சும்மா உக்காரப் போறவனுக்கு ஆட்டோமேட்டிக் எதுக்குடா? நின்னு நின்னு போகும்” என்று சொல்லி மழுப்பினேன். எல்லாரும் சிரித்தார்கள். நிஜக் காரணத்தைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்தது ரிப்பேர் மேஜையில். கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காகப் பல்சக்கரங்களோடு மாரடித்தேன். செல் வாட்ச் வந்து ரிப்பேர் தொழில் படுத்ததும் முதலாளி என்னை விற்பனைக்கு மாற்றினார். அதில் எழுத வேறொன்றுமில்லை. முதலாளிக்குக் கடலூரில் ஒரு கடை, சிதம்பரத்தில் ஒரு கடை. 2004 வாக்கில் கடலூர் கடையில் விலை உயர்ந்த வெளிநாட்டு வாட்ச்களுக்கென்று தனிக் கவுண்டர் போட்டபோது, மேனேஜர் காதர் பாய் என்னை அதில் நிறுத்தினார்.

காதர் பாய் அதிர்ந்து பேச மாட்டார். கஸ்டமர் வந்து உட்கார்ந்ததும் விலையைப் பற்றி மூச்சு விடமாட்டார். “கையைக் குடுங்க” என்பார். இடது மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் ஒரு சுற்றுப் பிடித்துப் பார்ப்பார். நாடி பார்க்கிற வைத்தியர் தோற்றார். பிறகு முழுக்கைச் சட்டையா, அரைக்கைச் சட்டையா என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் தட்டு வெளியே வரும். தட்டில் மூன்று வாட்சுக்கு மேல் வைக்க விடமாட்டார். “நாலாவதை வச்சீன்னா வந்தவரு கொழம்பிப்போயி, நாளைக்கு வர்றேன்னு எழுந்து போயிடுவாரு” என்பார்.

முதல் தடவையாகப் பெரிய வாட்ச் வாங்க வருகிறவர்கள் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். “அவரு வாங்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான்யா. அதைத்தான் ஆபீசுக்கும் கட்டுவாரு, கல்யாணத்துக்கும் கட்டுவாரு, ஞாயித்துக்கெழம கறி வாங்கப் போறப்பவும் கட்டுவாரு. மூணுக்கும் பொருந்தலைன்னா பீரோவுல போட்டுப் பூட்டிடுவாரு. நாம வித்ததுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பார். டயல் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. சட்டையின் கைப்பட்டிக்குள் நுழையாத தடிமன் ஆகாது. நம் வெக்கைக்குத் தோல் பட்டை ஆறு மாசத்தில் நாறிப்போகும். தங்க முலாம் உப்புக்காற்றில் உரியும். இதெல்லாம் அவர் வாயிலிருந்து நான் பிடித்துக்கொண்டவை.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். தோசைக்கல் அளவு டயல், தங்க நிறப் பட்டை, அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். காதர் பாய் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் கட்டிவிட்டு, “சார், கோர்ட்டுல வாதாடற மாதிரி கையைத் தூக்கி ரெண்டு வார்த்தை பேசுங்களேன்” என்றார். வக்கீலும் உற்சாகமாகக் கையை உயர்த்த, வாட்ச் லொடலொடவென்று முழங்கை வரை இறங்கியது. “ஜட்ஜையா உங்க பாயிண்டைக் கேப்பாரா, இந்தச் சத்தத்தைக் கேப்பாரா?” என்றார் பாய். வக்கீல் சிரித்துவிட்டு மெல்லிய ஸ்டீல் வாட்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் மேலே அவர் உயிராக வைத்திருந்த ஒன்று உண்டு. ‘கடைசிப் பேச்சு’ என்போம். வாட்சைப் பெட்டியில் வைத்துக் காகிதம் சுற்றுவதற்கு முன்னால், வாங்கியவரிடம் ஐந்து விஷயம் சொல்லியாக வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் முதல் விஷயமே இதுதான்: கை அசைகிற அசைவில்தான் அது ஓடும், கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும், நின்றால் பழுது என்று நினைக்காதீர்கள், பக்கவாட்டில் இருக்கிற திருகுச் சாவியை இருபது சுற்றுச் சுற்றினால் மறுபடி ஓடும். அடுத்து, ராத்திரி ஒன்பதுக்கு மேல் தேதியை மாற்றக் கூடாது. சாவி உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பார்க்காமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. ஸ்பீக்கர் மேல், டிவி மேல் வைக்கக் கூடாது, காந்தம் ஏறிவிடும். தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வாஷரை நாலு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். நாம் சொன்னால் மட்டும் போதாது, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கச் சொல்கிறாயே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். காதர் பாய் விடமாட்டார்.

2007-ல் நான் வாரத்தில் முதல் மூன்று நாள் கடலூரிலும் அடுத்த மூன்று நாள் சிதம்பரத்திலும் நின்றேன். சிதம்பரம் கடையை முழுசாக என் பொறுப்பில் விடலாம் என்று முதலாளி நினைப்பதாகக் காதில் விழுந்திருந்தது. கால் தரையில் பாவவில்லை எனக்கு. ஆவணி மாசம். ஒரு பேராசிரியருக்கு ஆட்டோமேட்டிக் விற்று, ஐந்தையும் முக்கால் மணி நேரம் விளக்கினேன். உள்ளே ரோட்டார் என்கிற அரைவட்டத் தகடு எப்படிச் சுற்றும் என்று காகிதத்தில் படமே போட்டுக் காட்டினேன். வாய்க்கு வாய் “சார், சார்” என்று குழைந்தேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமை மதியம் கடலூர் கடைக்கு மதியழகன் வந்தார். தேவனாம்பட்டினம். சொந்தமாக ஒரு மீன்பிடி போட். முப்பது வயசு இருக்கும். வெயிலில் கறுத்த கை, விரலிடுக்கில் எஞ்சின் ஆயில் கறை. கவுண்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். “வாங்க தம்பி, சும்மா வாங்க” என்றேன். பேராசிரியர் எனக்கு சார். இவர் தம்பி.

“தங்கச்சிக்குக் கல்யாணம் சார். மாப்பிள்ளைக்கு வாட்ச்” என்றார். “எங்க அப்பா சுனாமியில போயிட்டாரு. எல்லாம் நான்தான் பாக்கறேன். மாப்பிள்ளை பாண்டிச்சேரியில மருந்து கம்பெனியில ஆபீசரு. அவுங்க சிதம்பரத்துல பெரிய இடம். நாங்க மோதிரம் என்ன போட்டாலும் அவுங்க கண்ணுக்குச் சின்னதாத்தான் தெரியும். வாட்ச்சாவது அவுங்க வாயடைச்சுப் போற மாதிரி இருக்கணும். நாளைக்கு எந்தங்கச்சி அந்த வீட்ல தலை நிமிந்து நிக்கணும் பாருங்க.”

“எங்க எல்லாம் கட்டுவாரு?”

“டெய்லி ஆபீசுக்குக் கட்டணும். லீவுல எங்கூருக்கு வந்து போட்டுல ஏறினாலும் கட்டணும். கல்யாணம் காச்சிக்கும் அதேதான். ஒண்ணுதான் சார் என்னால முடியும்.”

பழக்க தோஷத்தில் “கையைக் குடுங்க” என்றேன். அவர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஐயோ வேணாம் சார். மாப்பிள்ளைக்கு எடுக்கறதை அவுருக்கு முன்னால வேற யாரும் போட்டுப் பாக்கக் கூடாது. நாங்க அப்படித்தான்.” சட்டைப்பையிலிருந்து வலை பின்னுகிற பச்சை நைலான் நூல் ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. “நிச்சயத்தன்னிக்கு மோதிர அளவு எடுக்கற சாக்குல மணிக்கட்டையும் அளந்துட்டேன்” என்றபோது முகத்தில் குறும்புச் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அளவோடு வந்த ஒரே ஆள் அவர்தான்.

நூலைக் கவுண்டரில் வளைத்து வைத்து, அதன் மேல் ஒவ்வொரு வாட்சாக வைத்துப் பார்த்தோம். சொல்லப்போனால் நான் எடுத்துக் கொடுத்ததிலேயே அதுதான் சரியான வாட்ச். நீல டயல், கைப்பட்டிக்குள் வழுக்கிப் போகிற தடிமன், ஸ்டீல் பட்டை, கீறல் விழாத கண்ணாடி, உப்புத் தண்ணீர் தாங்கும். ஆபீசுக்கும் பொருந்தும், போட்டுக்கும் பொருந்தும். “இதுல செல் கெடையாது தம்பி, சாவி குடுக்க வேணாம். கை ஆட ஆடத் தானா ஓடும். ஆயுசுக்கும் ஓடும்” என்றேன்.

அவர் வாட்சை உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “கை ஆடலைன்னா?”

“கல்யாண மாப்பிள்ளை கை ஆடாம இருக்குமா தம்பி?” என்றேன். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் வெட்கத்தோடு சிரித்தார். கேள்வி அதோடு போயிற்று.

காதர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடைசிப் பேச்சு நான் பேசவில்லை. மறந்தேன் என்று சொன்னால் அது பொய். நினைப்பு வந்தது. இவருக்கு இதெல்லாம் சொன்னால் என்ன விளங்கப்போகிறது என்று விட்டேன். இதுதான் நடந்தது, இதை எழுதக் கை கூசுகிறது. கடலில் நடுவழியில் நின்றுபோன டீசல் எஞ்சினைத் தன் கையாலேயே பிரித்து மாட்டுகிறவர் அவர். அந்தப் பேராசிரியருக்குப் படம் போட்டும் பாதிதான் புரிந்தது. இவருக்கு ஒரு வாக்கியம் போதும். நான் நேரத்தைச் சரிசெய்து, பெட்டியில் வைத்து, ரோஜா நிறக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நூல் கவுண்டரிலேயே கிடந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. சிதம்பரம் கடையில் நான் நின்றேன், கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரம். பட்டு வேட்டியும் சந்தனமுமாக ஒரு பெரியவர் விறுவிறுவென்று நுழைந்தார். பின்னாலேயே மதியழகன். புதுச் சட்டை, முகம் வெளிறிக் கிடந்தது. பெரியவர் பெட்டியைக் கவுண்டரில் தொப்பென்று வைத்தார். அவர்தான் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

“இது உங்க கடை வாட்ச்தானா? ஓடற வாட்ச்சை வித்தீங்களா, செத்த வாட்ச்சை வித்தீங்களா?”

மாப்பிள்ளை அழைப்பு முடிந்து சிதம்பரத்து மண்டப மேடையில் எல்லார் முன்னாலும் மச்சான் கையால் வாட்ச் கட்டும் நேரம். “செல்லே இல்லாம ஆயுசுக்கும் ஓடும்” என்று மதியழகன் பெருமையாகச் சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்திருக்கிறார். முள் நாலு இருபதில் நின்றிருந்தது. யார் கையிலும் படக் கூடாது என்று இருபத்திரண்டு நாள் அப்பா படத்துக்கு முன்னால் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டி. நிற்காமல் என்ன செய்யும்? “தேதிய பாருய்யா, இருபத்தி நாலு! இன்னிக்கு என்ன தேதி? நல்ல நாளும் அதுவுமா நின்னுபோன வாட்ச்சை மாப்பிள்ளை கையில கட்ட வந்தா எங்க அக்கா மனசு என்ன பாடுபடும்? பழைய வாட்ச்சை எங்கியோ புடிச்சுப் பளபளன்னு சுத்திக் குடுத்துட்டான்னு ஊரே பேசுது” என்றார் பெரியவர்.

எனக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வாட்சை எடுத்துச் சாவியைச் சுற்றினேன். விநாடி முள் துள்ளி ஓடியது. அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி: ‘ஐயா, தப்பு என்னுது, இவருகிட்ட நான் சொல்லாம விட்டுட்டேன்.’ கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். சிதம்பரம் கடை என் கண்ணில் வந்து நின்றது.

“இது ஆட்டோமேட்டிக் சார். கையில கட்டாம வச்சா நின்னுடும், பழுது இல்ல. வாங்கறப்பவே சொல்லித்தான் குடுத்தோம்” என்றேன்.

மதியழகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். கோபம் இல்லை. நான் சொன்னது காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகப்படுகிற மாதிரி பார்த்தார்.

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். “சொல்லித்தான் குடுத்திருக்காங்கல்ல? அப்புறம் எதுக்குய்யா சபையில அந்த ஜம்பம்? வெளங்காத பொருளை ஏன் வாங்கறீங்க?”

“ஆமா மாமா” என்றார் மதியழகன். “சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன். என் தப்புதான்.”

நின்ற வாட்ச் இனி மாப்பிள்ளை கையில் ஏறாது என்று பெரியவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அங்கேயே, எங்கள் கடையிலேயே, செல் வாட்ச் ஒன்றைத் தன் செலவில் எடுத்தார். தட்டில் மூன்று வைத்து எடுத்துக் காட்டியவன் நான். பில் போட்டவன் நான். அவருக்குச் செல் வாட்சுக்குரிய ஐந்து விஷயத்தையும் ஒன்று விடாமல் சொன்னவனும் நான்தான். த்தூ! நீல டயல் வாட்சைப் பெட்டியோடு மதியழகன் அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். கல்யாணம் மறுநாள் நல்லபடியாக நடந்தது என்று பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை கடலூரில் காதர் பாய் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முதலாளி சொல்லியிருப்பார். “சொன்னியா?”

“சொன்னேன் பாய்.”

“அஞ்சும்?”

“அஞ்சும்.”

துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அவர் என்னை நம்பவில்லை, அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் முதலாளியிடம் போட்டுக் கொடுக்கவில்லை. சிதம்பரம் கடை எனக்கு வந்தது. கிளம்புகிற அன்று சொல்லிக்கொள்ளப் போனேன். “ஆளைப் பாத்துச் சொல்லாத. எல்லாருக்கும் சொல்லு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாலு வருஷம் ஓடிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமனான அந்தப் பெரியவரின் ஹார்டுவேர் கடை எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு. தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போவேன். ஒரு நாள் ஏறிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். வாசலில் சைக்கிளை நிறுத்தும்வரைகூட ஒரு தரம் போனேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள், அந்தச் சாக்கில் திரும்பிவிட்டேன்.

2011-ல் ஒரு காலை, கடை திறந்த கையோடு மதியழகன் வந்து நின்றார். கையில் அதே நீல டயல் வாட்ச். கழற்றிக் கவுண்டரில் வைத்தார். “வாஷர் மாத்தி வைங்க சார். சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து. நான்தான் மடியில வச்சிக்கணும்.”

“வாட்ச் இல்லாமலா விசேஷத்துக்குப் போறீங்க?” என்று ஏதோ கேட்டேன்.

“அந்த வீட்டுக்கு மட்டும் இதைக் கட்டிக்கிட்டுப் போறதில்ல சார். ‘வாட்ச் மச்சான் வந்துட்டாருய்யா, ஓடுதா பாருங்க’ன்னு சின்னப் புள்ளைங்க கூட கேக்குது. வெளயாட்டுக்குத்தான் சொல்றாங்க. ஆனா தங்கச்சி மொகம் சுருங்கிப் போகுது.” பிறகு அவரே சிரித்தார். “ஆனா இதை நான் ஒரு நாளு நிக்க விட்டதில்ல. நான் கழட்டினா எங்க வீட்ல வாங்கிக் கையில போட்டுக்கும்.”

“அன்னைக்கு நான் சொல்லலீங்க” என்றேன். நாலு வருஷம் தொண்டையில் கிடந்தது அப்படித்தான் வந்தது. “நீங்க கேட்டீங்க. நான் கேலி பண்ணி அனுப்பிட்டேன். அப்புறம் பொய்யும் சொன்னேன். இப்பவே உங்க கூட வந்து மாமாகிட்ட சொல்லிடறேன்.”

“அய்யோ, வேணாம் சார்!” பதறிவிட்டார். “அன்னைக்கு நீங்க சொல்லலைன்னு நான் சொல்லியிருந்தா மாமா உங்க கடையையே ரெண்டாக்கியிருப்பாரு. தங்கச்சி மண்டபத்துல உக்காந்திருக்கு. அதான் மறந்துட்டேன்னு சொன்னேன். இப்ப போயி நீங்க உண்மையச் சொன்னா நான் சொன்னதும் பொய்யின்னு ஆயிடும். நாலு வருஷமா ஏமாத்தினியான்னு தங்கச்சியே கேக்கும். வெவரம் கெட்டவன்னு பேரு எடுத்தாச்சு. பொய் சொல்றவன்னும் எடுக்கணுமா?”

திருத்தக்கூட வழியில்லாமல் செய்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் வெறுங்கையோடு காதுகுத்துக்குப் போனார்.

வாட்சை நானே பிரித்தேன். லென்சை மாட்டி எத்தனையோ வருஷம். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை, ஒரு துரும்பு துருவில்லை. என் கையிலிருந்து போன வாட்ச்களில் இத்தனை நன்றாக வைத்துக்கொள்ளப்பட்ட இன்னொன்றை நான் பார்த்ததில்லை. வாஷரை மாற்றி மூடினேன். அவர் வரும்வரை நிற்கக் கூடாதே என்று என் கையில் கட்டிக்கொண்டே இருந்தேன். சொந்தமாக ஓர் ஆட்டோமேட்டிக் கட்டிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை என்று அன்றைக்கே தீர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தார். சட்டையெல்லாம் சந்தனம், மடியில் உட்கார்ந்த குழந்தை அழுத ஈரம். வாட்சை வாங்கக் கை நீட்டினார். “ஒரு நிமிஷம் உக்காருங்க சார்” என்றேன். முதல் தடவையாக அவரை சார் என்றேன். கடைசிப் பேச்சை ஆரம்பித்தேன். கை அசைவில் ஓடும், கட்டாமல் வைத்தால் ஒன்றரை நாளில் நிற்கும், நின்றால் பழுதில்லை என்பதிலிருந்து வாஷர் வரை ஐந்தும் சொன்னேன். அவருக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். “திருப்பிச் சொல்லணுங்க” என்றேன். ஒவ்வொரு விரலாக மடக்கி ஐந்தையும் திருப்பிச் சொன்னார். ஒன்றும் தப்பவில்லை.

பிறகு வாட்சைக் கட்டிக்கொண்டு, காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தார்.

“இப்ப சொல்லிட்டீங்க சார்” என்றார். “இனிமே யாரு கேட்டாலும், சொல்லித்தான் குடுத்தோம்னு நீங்க தாராளமா சொல்லலாம்.”